டிக்கி பாயின் பாட்டுப் பெட்டி

தஞ்சாவூர் ஜில்லாவில் போலீஸுக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பேய்க்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்குப் பயப்படாத மருமகளைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு டிக்கி பாய்க்குப் பயப்படாத ஆளை இன்றுவரை நான் சந்தித்ததில்லை.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு நல்ல பெயர்தான் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் தெரியாது. கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் கடை. வாசலில் எப்போதும் ஒரு கார் டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கும். அதிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்குத்தான் நாம் சலாம் சொல்ல வேண்டும், நம் குறையையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாகப் போகிறவர்கள் கட்டைவிரல் ஆடுவதை வைத்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவார்கள்.

விஷயம் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோனிலிருந்து காருக்குப் பாட்டு தானாகத் தாவும் காலத்துக்கு முன்னால், கொஞ்சம் வசதியான கார்களில் டிக்கிக்குள் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். சிடி சேஞ்சர் என்று பெயர். அதில் ஆறு சிடிகளை ஒரு ட்ரேயில் அடுக்கி உள்ளே தள்ளிவிட வேண்டும். முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் பின்னால் 'கிர்ர்ர்... டக்' என்று ஒரு சத்தம் வரும். பெட்டி தானே ஒரு சிடியை எடுத்து, தானே சுற்றி, தானே பாடும். அது பாடுகிறவரை சுகம். பாடாமல் போனால் டிக்கி பாயைத் தவிர வேறு கதி கிடையாது.

பாய் குவைத்தில் பல வருஷம் கார் ஆடியோ கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அடக்கம் என்ற சாமானை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "குவைத்துல என் கை பட்ட பொட்டி ரெண்டாந்தரம் கடைப்படி ஏறினதில்ல" என்பார். இங்கே ஏறியிருக்கிறது. அப்படி ஏறினால் தப்பு ரோட்டினுடையது, இல்லையென்றால் மழையினுடையது, அதுவும் இல்லையென்றால் காரை இரவல் வாங்கி ஓட்டின மச்சானுடையது. ஒருமுறை ஒருவர் துணிந்து, "பாய், ஒருவேளை நீங்க மாட்டினதுல ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தார். டிக்கிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. அந்த மனிதர் காரைக் கிளப்பிக்கொண்டு போனவர் பிறகு அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை.

வல்லம் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கேள்விப்படாவிட்டால் நீங்கள் தஞ்சாவூர்க்காரரே இல்லை. ஒரு மிராசுதாரின் காரில் பாய் ஏதோ ஒயரைத் தேடிக்கொண்டு காலோடு முழுசாக உள்ளே போயிருந்தார். மிராசுதாருக்கு அவசரமாக ஃபோன் வந்தது. டிரைவர் ஓடிவந்தார். டிக்கி திறந்து கிடக்கிறதே என்று பொறுப்பாக ஓங்கிச் சாத்தினார், வண்டியை எடுத்தார். வல்லத்தைத் தாண்டும்போது காருக்குள் அருமையாகப் பாட்டு வந்தது. மிராசுதாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாய்க்கு நன்றி சொல்ல ஃபோன் போட்டார். மணி அவர் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

பதறிப்போய் டிக்கியைத் திறந்தால் பாய் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சாவகாசமாகப் படுத்திருக்கிறார்.

"ஏன் பாய், தட்டக் கூடாதா? ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"எதுக்குங்க? ரோட்டுல குலுங்குனாத்தான் பாட்டு எங்க தாவுதுன்னு தெரியும். நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்கதான் அவசரப்பட்டு நிறுத்திட்டீங்க. சாத்துங்க, அடுத்த பாட்டையும் கேட்டுடுவோம்."

அவர் திட்டுவதற்கென்றே நம் ஊர் விவசாயிகள் கார் வாங்கினார்கள் என்று தோன்றும். நம் ஆட்களுக்கு டிக்கி என்பது சின்னக் களஞ்சியம்தானே? யூரியா, கதிர் அரிவாள், தவிட்டு மூட்டை, கல்யாண வீட்டு வாழைத்தார் எல்லாம் அதில்தான் பயணம் செய்யும். ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் ஊறவைத்த விதைநெல்லை ஈரச் சாக்கோடு டிக்கியில் போட்டு இரண்டு நாள் அலைந்திருக்கிறார். பாட்டு நின்றுவிட்டது. பாய் பெட்டியைப் பிரித்தார், உள்ளே உற்றுப் பார்த்தார், பிறகு டிக்கியிலிருந்து முழுசாக வெளியே வந்தார். அவர் வெளியே வந்தாலே அனர்த்தம் என்று அர்த்தம்.

"அண்ணே, மூணாம் நம்பர் சிடிக்கும் நாலாம் நம்பர் சிடிக்கும் நடுவுல நாத்து வந்திருக்கு. பறிச்சுத் தரவா, இல்ல பொட்டியோடயே நட்டுக்கிறீங்களா?"

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அத்தையைச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். காரோட்டி நான். கார், என் வீட்டுக்காரர் யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கி நிறுத்திவிட்டுப் போனது. அதில் அத்தைக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, அந்தப் பாட்டுப் பெட்டி.

ஊசியை நினைத்தால் அத்தைக்கு உடம்பு நடுங்கும். வயலில் பாம்பை மண்வெட்டியால் அடித்த மனுஷிதான். ஆனால் அந்தத் தடி ஊசி கையில் இறங்குவதை நினைத்தால் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். பாட்டு ஓடினால் நினைக்க மாட்டார். அதற்கும் ஒரு வரிசை உண்டு. மன்னார்குடி வருவதற்குள் முருகன் முடிந்துவிட வேண்டும். வடுவூர் ஏரி வரும்போது நடவுப் பாட்டு. தஞ்சாவூர் எல்லையில் நாதஸ்வரம். திரும்பி வரும்போது அவருக்குக் கண்ணைத் திறக்கவும் தெம்பு இருக்காது. அப்போது பழைய சினிமாப் பாட்டு, அதுவும் சன்னமாக. போகும்போது அவரும் கூடவே பாடுவார். ரயில்வே கேட்டில் நின்றால் பக்கத்துப் பஸ்ஸே எட்டிப் பார்க்கும்.

"புது செட்டு ஒண்ணு போட்டுக்க, ஃபோன்லேருந்தே பாட்டு வரும்" என்று சிங்கப்பூரிலிருந்து யோசனை வந்தது. ஒருநாள் ஃபோனிலேயே பாட்டைப் போட்டுப் பார்த்தேன். முருகன் மயிலில் ஏறப்போகிற நேரத்தில் ஒருத்தன் நடுவில் வந்து, லோன் வேண்டுமா என்று கேட்டான். "யாரும்மா இவன், செருப்பால அடி" என்றார் அத்தை. யோசனை அத்தோடு முடிந்தது.

முதல் தடவை பெட்டி அடைத்துக்கொண்டபோது, அத்தையை ஆஸ்பத்திரி படுக்கையில் விட்டுவிட்டு நான் மட்டும் பாயின் கால்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கடைசியா என்ன பாட்டு பாடிச்சு?" என்றன கால்கள்.

"நடவுப் பாட்டுங்க."

"பாதியில நின்னுச்சா, முடிச்சிட்டு நின்னுச்சா?"

"பாதியில."

"பாவம்" என்றார். என்னை அல்ல, பெட்டியை.

ட்ரேயை வெளியே உருவுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. உள்ளேயிருந்து சின்னக் குறட்டால் எதையோ கவ்வி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு! எந்தச் சிடி எது என்று அடையாளம் தெரிவதற்காக, முருகனுக்குச் சிவப்பு, நடவுக்குப் பச்சை, நாதஸ்வரத்துக்கு மெரூன் என்று அத்தை பொட்டு ஒட்டிவைத்திருக்கிறார். வெயிலில் கார் கொதித்ததும் பசை இளகி, பொட்டு நழுவி, பெட்டியின் தொண்டையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"பொட்டு எங்க வெக்கிறது தங்கச்சி? நெத்தியிலயா, சிடியிலயா? சிடி மேல பேப்பர் ஒட்டக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, பேனாவால எழுதணும். வெயில்ல நின்ன வண்டியில ஏறின உடனே பாட்டப் போடக் கூடாது, கண்ணாடிய எறக்கி பொட்டிய ஆற விடணும். தொடைச்சா நடுவுலேருந்து ஓரத்துக்கு நேரா தொடைக்கணும், தோசைக்கல்லத் தேய்க்கிற மாதிரி வட்டமாத் தேய்க்கக் கூடாது. பாட்டு வேணுமோ வேணாமோ, வாரத்துல ஒரு நா ஆறு சிடியையும் ஒரு சுத்து ஓட விடணும். டிக்கிய..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், டிக்கியைச் சாத்துவது எப்படி என்று எனக்கு நேரடிப் பயிற்சி கொடுத்தார். தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்த வேண்டுமாம். நான் சாத்தினது சரியில்லை என்று மறுபடி மறுபடி சாத்தவைத்தார். சந்தில் போன ஒரு பசு நின்று வேடிக்கை பார்த்தது.

திட்டினாலும் வேலையில் குறை சொல்ல முடியாது. கீறல் விழுந்த சிடிகளை எல்லாம் புதுச் சிடியில் நகல் எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் மிக மெதுவான வேகத்தில்தான் எழுத வேண்டும், அவசரமாக எழுதினால் பழைய பெட்டிக்குப் படிக்க வராது என்று, பொறுமையாக உட்கார்ந்து எழுதினார். அதிலிருந்து அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஆகிவிட்டார். அதாவது, பெட்டியின் உறவினர். திடீரென்று ஃபோன் வரும்.

"தங்கச்சி, பொட்டி எப்படி இருக்கு? சுத்தும்போது கரகரங்குதா? ஈரக்காத்து அடிக்குது, பாத்துக்க."

அத்தை எப்படி இருக்கிறார் என்று மருந்துக்குக்கூடக் கேட்டது கிடையாது. எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும். அப்போது சம்பா நடவு முடிந்து ஊரெல்லாம் பச்சையாக இருந்தது. அத்தை மட்டும் நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தார். "போதும்மா, எத்தனை நாளைக்கு இந்தக் கையில குத்திக்கிட்டுக் கெடக்குறது?" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு தடவைகூடத் தவறக் கூடாது, தவறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது நடந்தது. காரைக் கிளப்பிப் பட்டனை அமுக்கினேன். கிர்ர்ர்... டக். முதல் சிடி இல்லை என்றது பெட்டி. இரண்டாவதும் இல்லை. ஆறும் இல்லை! மறுபடி அமுக்கினேன். பின்னால் பெட்டி தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது.

"வண்டியத் திருப்பு" என்றார் அத்தை.

"அத்தை, பாட்டு இல்லாட்டி என்ன? நான் பாடுறேன்."

"நீ பாடுறதுக்கு ஊசியே தேவலாம். திருப்பும்மா. நேத்துதான் பூஜை போட்டேன். இன்னிக்கு வாயை மூடிக்கிச்சு. போதும்னு சாமியே சொல்லிடுச்சு."

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டார் மனுஷி. வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்புப் பூ வந்தால் இல்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மன்னார்குடி வரை கெஞ்சினேன், அதட்டினேன், பேரன் பெயரைச் சொல்லி அழுதேன். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். "அந்த பாய் கிட்ட ஒரு தரம் காட்டு. பாட்டு வந்தா ஆஸ்பத்திரி. வரலேன்னா வீடு. அப்புறம் இதப் பத்திப் பேசக் கூடாது."

நான் அன்றைக்கு ஓட்டின மாதிரி என்றைக்கும் ஓட்டினதில்லை. சந்துக்குள் போய் நின்றதும், வேறொரு காரின் டிக்கியிலிருந்த கால்களிடம் விஷயத்தைக் கொட்டினேன். பெட்டி பாடாவிட்டால் அத்தை ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார், ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் அத்தை பிழைக்க மாட்டார் என்றேன். பாய் வெளியே வந்தார், நேராக எங்கள் டிக்கியைத் திறந்தார், ட்ரேயை உருவினார், முதல் சிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

சிடியின் பளபளப்பான பக்கத்தில் வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் எடுப்பாகக் குங்குமம். இரண்டாவது சிடியிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே. காய்ந்த குங்குமம் உதிர்ந்து, சிடியைப் படிக்கிற கண்ணாடிக் கண்ணிலும் அப்பியிருந்தது. முதல்நாள் வண்டிக்குப் பொட்டு வைக்க அத்தை சாவி வாங்கிக்கொண்டு போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று பாய் சொன்னதை நான்தான் அத்தையிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை மீறவில்லை. உண்மையான சந்தனத்தைக் குழைத்து, வாரத்தில் இரண்டு நாள் தன்னைப் பாடிக் கூட்டிப்போகிற பெட்டிக்கு, மனசாரப் பூஜை செய்திருக்கிறார்.

பாய் என்னைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. விதைநெல்லுக்கே அந்தத் திட்டு என்றால் இதற்கு என்ன ஆகும்? தன் கையால்தான் பெட்டி கெட்டது என்று தெரிந்தால் அத்தை அங்கேயே முடிவெடுத்துவிடுவார். சாமிக்கே தான் செய்த பூஜை பிடிக்கவில்லை என்பார். வேலைக்குக் காத்திருந்த கார்க்காரர்கள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு திட்டுக்காக ஆவலாகக் காத்திருந்தார்கள்.

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு அத்தை கேட்டார்: "என்ன தம்பி, என்ன சொல்லுது? சாமி உத்தரவு இல்லைதானே?"

பாய் சிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கனைத்துக்கொண்டு, சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாமி ஒண்ணும் சொல்லலம்மா. தப்பு என்னுதுதான். போன தரம் ஒரு ஸ்க்ரூவ சரியா முடுக்காம விட்டுட்டேன்."

ஒருவர் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், உடைந்தது.

அத்தை விடுவாரா? அத்தனை நேரம் இருந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "ஸ்க்ரூவ முடுக்கலையா? ஏன் தம்பி, ஒரு ஸ்க்ரூவ ஒழுங்கா முடுக்கத் தெரியல, நீயெல்லாம் குவைத்துல என்னத்தக் கிழிச்சே? நான் பாட்டுக்கு சாமி கைவிட்டுடுச்சுன்னு வீட்டப் பாக்க கெளம்பிட்டேன். உன்னால எங்க மருமக அழுதுக்கிட்டே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா. வேலையில கவனம் வேணாமா?"

"ஆமாம்மா."

"என்ன ஆமாம்மா? வயசு ஆவுதுல்ல?"

"ஆவுதும்மா. இனிமே பாத்துச் செய்யிறேன்."

தலையைக் குனிந்துகொண்டு, வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார் டிக்கி பாய். ஒரு வாடிக்கையாளர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வொரு சிடியையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்தக் கண்ணாடிக் கண்ணைத் தொட்டும் தொடாமலும் ஒற்றினார். "மெஷினுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று என்னிடம் மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். சொன்னேன். "போயிடலாம். ஈரம் காயட்டும், அவசரப்பட்டாக் கெட்டுப்போயிடும்" என்றார்.

ட்ரேயைத் தள்ளினார். நான் போய்ப் பட்டனை அமுக்கினேன். கிர்ர்ர்... டக். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்தில் நான் அல்லாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டேன். பிறகு முருகன் பாட்டு வந்தது.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா மசமசன்னு நிக்கிறே? நேரமாவுதுல்ல, எடு வண்டிய" என்று என்னைத் திட்டினார். அவ்வளவு இனிமையான திட்டை என் வாழ்நாளில் நான் வாங்கினதில்லை.

நான் சீட்டில் ஏறும்போது பாய் என் ஜன்னலோரம் குனிந்தார். "அடுத்த பூஜைக்கு சிடியில வேணாம். பொட்டி மேல மூடியில வெக்கச் சொல்லு. இப்பவே நல்லாத் தொடைச்சு எடம் வுட்டு வெச்சிருக்கேன்" என்றார். பதில் சொல்வதற்குள் நகர்ந்து, காத்திருந்த காரின் டிக்கிக்குள் போய்விட்டார். கால்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கிளம்பினேன்.

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறோம். அத்தை ஒரு தடவையும் தவறவிடுவதில்லை. தஞ்சாவூருக்குள் நுழைந்ததும், "அந்தக் கவனங்கெட்ட பாய் கடையில ஒரு நிமிஷம் நிறுத்து, ஸ்க்ரூவப் பாக்கட்டும்" என்பார். பாய் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவருவார். "நல்லா முடுக்கு தம்பி" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். "முடுக்கிட்டேம்மா" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு டிக்கியைப் பூப்போலச் சாத்துவார். ஒருநாளும் கழன்றிராத அந்த ஸ்க்ரூவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.